தோள்மூட்டு விலகினால் ஸ்லிங் எத்தனை நாள்?



கோடை காலம் வந்துவிட்டால் லண்டன் மைதானங்களில் எமது பழைய மாணவர் சங்கங்களின் கிரிக்கெட், உதைபந்தாட்டப் போட்டிகள் களைகட்டும். பிடியெடுக்கப் பாய்ந்து விழுந்த இளைஞன் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பனிக்காலத்தில் வேறொரு காட்சி. நடைபாதையில் உறைந்த பனியில் கால் சறுக்கி, கையை ஊன்றி விழும் அம்மா அல்லது அம்மம்மா. இருவருக்கும் நடப்பது ஒன்றாகவே இருக்கலாம், தோள்மூட்டு விலகிவிடுகிறது. இருவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறோம். மூட்டைச் சரிசெய்து, ஒரே மாதிரியான ஸ்லிங்கைக் கழுத்தில் மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அதன் பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. மகன் நோ குறைந்ததும் நான்காம் நாளே ஸ்லிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த ஞாயிறு விளையாடப் போக நிற்கிறான். அம்மாவோ "எலும்பு பொருந்தட்டும்" என்று ஆறு வாரமாகியும் ஸ்லிங்கைக் கழற்றாமல் இருக்கிறார். இரண்டுமே பிழை. ஏன் பிழை என்பதையும், முதன்முறை தோள் விலகியவருக்கு ஸ்லிங் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் இந்த இதழில் விளக்கமாகப் பார்ப்போம்.

தோள் ஏன் இலகுவில் விலகுகிறது?

எமது உடலிலுள்ள பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோள்மூட்டுத்தான். இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படியல்ல. மேற்கை எலும்பின் தலை பெரியது, அது பொருந்தும் கிண்ணமோ சிறியது, ஆழமும் குறைந்தது. சிறிய தட்டொன்றின் மேல் தோடம்பழத்தை வைத்தது போன்ற அமைப்பு இது. இதனால்தான் கையை முன்னே, பின்னே, தலைக்கு மேலே என்று எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை உறுதிக் குறைவு.

இந்த ஆழக் குறைவை ஈடுசெய்ய மூன்று ஏற்பாடுகள் உள்ளன. கிண்ணத்தின் ஓரத்தில் 'லேப்ரம்' எனப்படும் இறப்பர் போன்ற குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. அதைச் சுற்றி மூட்டுறையும் இணைநார்களும் உள்ளன. இவற்றுக்கு வெளியே 'ரொட்டேற்றர் கஃப்' எனப்படும் நான்கு தசைகள் எலும்பின் தலையைக் கிண்ணத்தோடு அணைத்துப் பிடித்துக்கொள்கின்றன.

கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்புறமாகத் திருப்பிய நிலையில், அதாவது பந்தெறியக் கையை ஓங்கும் நிலையில், பலமாக இழுபட்டால் அல்லது விழுந்தால் எலும்பின் தலை முன்பக்கமாக வெளியே வந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட விலகல்கள் இப்படி முன்பக்கமாகவே நிகழ்கின்றன. வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் பின்பக்கமாக விலகலாம். அது எக்ஸ்ரேயில்கூடத் தவறவிடப்படக் கூடியது. ஆகவே விபத்து எப்படி நடந்தது என்பதை வைத்தியரிடம் விபரமாகச் சொல்ல வேண்டும்.

முன்பக்கமாக விலகும்போது அந்தக் குருத்தெலும்பு வளையம் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கிழிந்துபோவது வழக்கம். மீண்டும் மீண்டும் தோள் விலகுவதற்கு இந்தக் கிழிவே முக்கிய காரணம் என்று 1923ஆம் ஆண்டு எழுதியவர் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பிளண்டெல் பாங்கார்ட். இன்றும் உலகம் முழுவதும் அந்தக் கிழிவைப் 'பாங்கார்ட் காயம்' என்றே அழைக்கிறார்கள்.

யாருக்கு அதிகம்?

1995 முதல் 2015 வரையான இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து உட்பட்ட ஐக்கிய இராச்சியத்தின் ஜிபி பதிவுகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 16 முதல் 70 வயது வரையான, தோள் விலகிய 16,763 பேரின் விபரங்கள் பார்க்கப்பட்டன. ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். ஆண்களில் 16 முதல் 20 வயது வரையானவர்களுக்கே அதிகமாக ஏற்பட்டது. பெண்களில் நிலைமை தலைகீழ். வயது ஏற ஏற அதிகரித்து, 61 முதல் 70 வயதில் உச்சத்தை அடைந்தது. மைதானத்து மகனும் பனியில் சறுக்கிய அம்மாவும் நாம் கற்பனையாகச் சேர்த்துச் சொன்ன சோடியல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

உடனே செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

தோளின் உருண்டை வடிவம் மாறிச் சதுரமாகத் தெரிவது, கையை அசைக்க முடியாத கடும் நோ, மறுகையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி இருப்பது ஆகியவை விலகலின் அறிகுறிகள். அப்படி இருந்தால்:

• கையை இருக்கும் நிலையிலேயே தாங்கிப் பிடியுங்கள். ஒரு சால்வையையோ துவாயையோ கழுத்தில் கட்டித் தொங்கவிடலாம். கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் சிறு தலையணை வைத்தால் நோ குறையும்.

• மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பின் கழற்றுவது கடினம்.

• துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடமளவில் வைக்கலாம்.

• சாப்பாடு, தேநீர், எதுவும் கொடுக்க வேண்டாம். மூட்டைச் சரிசெய்ய மயக்க ஊசி தேவைப்படலாம்.

• ஏ அன்ட் ஈ எனப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். நோயாளியை அசைக்க முடியாவிட்டால் 999 அழையுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. மைதானத்தில் நிற்கும் யாராவது "நான் இழுத்து விடுறன், ஒரு நிமிஷ வேலை" என்று முன்வந்தால், அன்போடு தடுத்துவிடுங்கள். தோள் விலகும்போது எலும்பில் வெடிப்பும் ஏற்பட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்தால் அந்த வெடிப்பு முறிவாகலாம், நரம்பும் இரத்தக் குழாயும் பாதிக்கப்படலாம்.

ஊரிலே முறிவு நெரிவு வைத்தியர்களிடமும், தமிழ்நாட்டுக்காரர்கள் ஆந்திராவின் புத்தூர்க் கட்டுக்கும் போய் வந்த அனுபவம் எமது பெரியவர்களுக்கு உண்டு. காயப்பட்ட உறுப்பை அசையாமல் தாங்க வேண்டும் என்ற அவர்களது அடிப்படை அறிவு சரியானதே. ஆனால் உள்ளே முறிவு இருக்கிறதா என்பதைக் கையால் தடவி நிச்சயமாகச் சொல்ல முடியாது. முதல் நாட்களில் எண்ணெய் போட்டு உருவுவதும், சூடான புக்கை கட்டுவதும் வீக்கத்தைக் கூட்டும். அதனால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

முதலில் கையின் நாடித்துடிப்பையும் உணர்ச்சியையும் பார்ப்பார்கள். தோளின் வெளிப்புறத்தில், பொலிஸ்காரரின் சட்டையில் சின்னம் இருக்கும் இடத்தில், தொட்டுப் பார்த்து "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். தோளுக்குச் செல்லும் முக்கிய நரம்பு ஒன்று பாதிக்கப்பட்டிருந்தால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். மரத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பின்னர் எக்ஸ்ரே. அதன் பிறகு நோ மருந்து, வாயால் இழுக்கும் வாயு, அல்லது அரைமயக்க ஊசி கொடுத்து மூட்டை மெதுவாக அதன் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் இதற்கான முறைகளை விபரித்திருக்கிறார். 1870இல் சுவிற்சர்லாந்தின் தியோடர் கோகர் இன்னொரு முறையை எழுதினார். இன்று மென்மையான பல முறைகள் உள்ளன. மூட்டு உள்ளே போனதும் நோ பெருமளவு குறைந்துவிடும். மீண்டும் ஒரு எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்துவிட்டு ஸ்லிங் போடுவார்கள்.

ஆங்கிலத்தில் விளக்கமாகப் பேச முடியாத பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். என்எச்எஸ் இதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பேரனை வைத்து மருத்துவ விடயங்களை மொழிபெயர்க்க விடுவது பிள்ளைக்கும் பாரம், அரைகுறையாக விளங்கிக்கொள்ளும் பெரியவருக்கும் ஆபத்து. "ஸ்லிங் எத்தனை நாள்? எந்த அசைவு கூடாது? அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

ஸ்லிங் என்ன செய்யும்? என்ன செய்யாது?

இங்கேதான் பலரது எண்ணத்துக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் இடைவெளி இருக்கிறது. "அதிக நாள் கட்டி வைத்தால் நன்றாக ஒட்டும், மீண்டும் விலகாது" என்றே நாம் நினைக்கிறோம். முன்பு வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்து மூன்று முதல் ஆறு வாரம் வரை கட்டி வைத்தார்கள்.

சுவீடனில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் முதன்முறை தோள் விலகிய 12 முதல் 40 வயது வரையானவர்களின் 257 தோள்களை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கையை மூன்று, நான்கு வாரம் நெஞ்சோடு கட்டி வைத்தார்கள். இன்னொரு பகுதியினர் நோ குறைந்ததும் கையைப் பாவிக்க அனுமதிக்கப்பட்டார்கள். இவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி வைத்ததால் மீண்டும் விலகுவது குறையவில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு 43 தோள்கள் அந்த 25 ஆண்டுகளில் மீண்டும் விலகவே இல்லை. நூற்றுக்கு 27 தோள்களுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

2010இல் வேறு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான். 30 வயதுக்குக் குறைந்தவர்களில் ஒரு வாரம் அல்லது அதற்குக் குறைவாக ஸ்லிங் அணிந்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கும், மூன்று வாரம் அல்லது அதற்கு மேல் அணிந்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கும் தோள் மீண்டும் விலகியது. இந்தச் சிறு வித்தியாசத்தைத் தற்செயலானது என்றே கொள்ள வேண்டும்.

கையை நெஞ்சோடு கட்டாமல் வெளிப்பக்கம் திருப்பிய நிலையில் வைத்துக் கட்டினால் கிழிந்த வளையம் நன்றாகப் பொருந்தும் என்று யப்பானில் எய்ஜி இடோய் என்ற நிபுணர் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் 2011இல் நோர்வேயில் 188 பேரிடம் செய்த ஆய்வில் அந்த நன்மை தெரியவில்லை. 2019இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு, எந்த நிலையில் கட்டுவது சிறந்தது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே பிரித்தானியாவில் சாதாரண ஸ்லிங்கே வழக்கத்தில் உள்ளது.

அப்படியானால் ஸ்லிங் எதற்கு? நோவைக் குறைப்பதற்கு, கையின் பாரத்தைத் தாங்குவதற்கு, முதல் நாட்களில் நாம் மறந்துபோய்க் கையை ஓங்கிவிடாமல் தடுப்பதற்கு. கிழிந்த வளையத்தை ஒட்டவைக்கும் பசை அதுவல்ல. என்எச்எஸ் வழங்கும் பொதுவான அறிவுரையும், சில நாட்களில் ஸ்லிங்கை விட்டுவிடலாம், ஆனால் முழுமையாகக் குணமாக 12 முதல் 16 வாரம் ஆகும் என்பதே. சில வைத்தியசாலைகள் இரண்டு, மூன்று வாரம் வரை அணியச் சொல்கின்றன. எலும்பிலும் முறிவு இருந்தால் ஆறு வாரம் வரை தேவைப்படலாம். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியரே சொல்ல வேண்டும்.

இளைஞர்களுக்கு: ஸ்லிங் போனதும் தோள் குணமாகிவிட்டதென எண்ண வேண்டாம்

இளம் வயதினருக்கு இறுக்கம் வருவது குறைவு. அவர்களுக்குள்ள ஆபத்து, தோள் மீண்டும் விலகுவதுதான். எடின்பரோவில் 15 முதல் 35 வயது வரையான 252 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2006இல் வெளியானது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது நூற்றுக்கு சுமார் 56 பேருக்கு, தோள் மீண்டும் உறுதியிழந்தது. ஐந்து ஆண்டுகளில் இது நூற்றுக்கு 67 ஆகியது. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது.

ஒவ்வொரு முறை விலகும்போதும் குருத்தெலும்பும் கிண்ணத்தின் விளிம்பு எலும்பும் மேலும் தேய்கின்றன. பின்னாளில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால் அதுவும் பெரிதாகிவிடும். ஆகவே 25 வயதுக்குக் குறைந்தவர்கள், அதிலும் ரக்பி, உதைபந்தாட்டம், கராத்தே, கபடி போன்ற உடல் மோதும் விளையாட்டுகளில் ஈடுபடுபவர்கள், முதல் விலகலுக்குப் பின்னரே தோள் நிபுணரைப் பார்க்க ஜிபியிடம் கேட்பது நல்லது. எம்ஆர்ஐ ஸ்கான் எடுத்துப் பார்த்து, கிழிந்த வளையத்தைத் துளைவழிச் சத்திரசிகிச்சை மூலம் தைப்பதா, பயிற்சியோடு பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்கலாம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஆனால் அப்படி ஒரு தெரிவு இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எமக்குத் தெரிந்த இரு விளையாட்டு வீரர்களைப் பாருங்கள். முத்தையா முரளிதரன் 2002இல் ஷார்ஜாவில் களத்தடுப்பில் விழுந்து இடது தோள் விலகியது. அந்த மே மாதம் லோர்ட்ஸில் நடந்த முதலாவது டெஸ்டில் அவர் ஆடவில்லை. எட்ஜ்பஸ்டனில் நடந்த இரண்டாவது டெஸ்டில் வந்து பந்து வீசினார். இந்திய வீரர் ஷ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் பூனேயில் இங்கிலாந்துக்கு எதிரான போட்டியில் பாய்ந்து பந்தைத் தடுக்கும்போது இடது தோள் பாதிக்கப்பட்டது. அவருக்கு ஏப்ரலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். செப்டெம்பரில்தான் மீண்டும் ஐபிஎல் ஆட வந்தார்.

"முரளி சில வாரத்தில் விளையாடவில்லையா?" என்று உங்கள் மகன் கேட்டால் சொல்லுங்கள்: அவர் பந்து வீசுவது வலது கையால், விலகியது இடது தோள், பக்கத்திலேயே முழுநேர இயன்மருத்துவரும் இருந்தார். ஒருவருக்குப் பொருந்திய காலக்கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது. சாதாரணமாக ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பாரம் தூக்குவதும் தோளைப் பாவிக்கும் விளையாட்டும் கூடாது. மோதல் விளையாட்டுக்கு இதைவிடவும் நாள் எடுக்கலாம். நோ இல்லை என்பது மட்டும் போதாது. இரு தோள்களிலும் அசைவும் பலமும் சமமாக வந்துவிட்டதா என்று இயன்மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு: கட்டியே வைத்திருக்க வேண்டாம்

வயது ஏறினால் மீண்டும் விலகும் ஆபத்து குறைகிறது. பதிலாக வேறு இரண்டு ஆபத்துகள் வருகின்றன.

முதலாவது இறுக்கம். அசைக்காத தோள் சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கும். பிறகு தலை இழுக்கவும் சட்டை போடவும் மாதக்கணக்கில் அவதிப்பட நேரிடும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நீரிழிவு எமது சமூகத்தில் எவ்வளவு பரவலாக உள்ளது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே "கையை அசைக்காதேங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்று பிள்ளைகள் காட்டும் அன்பு, சில வேளை தீங்காகவே முடியும்.

இரண்டாவது தசைக் கிழிவு. நாம் மேலே சொன்ன நான்கு தசைகளின் நார்கள் வயது போகப் போகப் பலவீனமடைகின்றன. விழும்போது மூட்டு விலகுவதோடு அவையும் கிழியலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது. இரண்டு, மூன்று வாரம் கடந்தும், நோ குறைந்த பின்பும், கையைத் தானாக மேலே தூக்க முடியாவிட்டால் "வயதுபோன கை, மெல்ல மெல்ல வரும்" என்று இருந்துவிட வேண்டாம். ஜிபியிடம் சென்று அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ ஸ்கான் தேவையா என்று கேளுங்கள். தைக்க வேண்டிய கிழிவானால் தாமதிக்கத் தாமதிக்கத் தைப்பது கடினமாகிவிடும்.

ஸ்லிங்கைச் சரியாக அணிவது

• முழங்கை ஸ்லிங்கின் மூலையில் நன்றாக உட்கார வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். கை தொங்கினால் விரல்கள் வீங்கும்.

• பட்டி கழுத்தை வெட்டினால் சிறு துணியை மடித்து வையுங்கள்.

• முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி விரியுங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள். வைத்தியர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஸ்லிங்கைக் கழற்றி முழங்கையை மடக்கி நீட்டுங்கள். முழங்கை உடலோடு ஒட்டியிருக்கட்டும்.

• குளிக்கும்போது முன்னால் சற்றுக் குனிந்து கையைத் தானாகத் தொங்கவிட்டால் அக்குளைக் கழுவலாம். நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள்.

• முன்பக்கம் திறக்கும் சட்டை வசதியானது. போடும்போது நோவுள்ள கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

• மல்லாந்து, அல்லது சாய்வு நாற்காலியில் படுப்பது முதல் நாட்களில் இலகு. முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் கை பின்னால் விழாது. காயப்பட்ட பக்கம் சரிந்து படுக்க வேண்டாம்.

• நோவுக்குப் பரசிட்டமோல் போதுமானதாக இருக்கலாம். ஐபுபுரோஃபென் எடுக்கும் முன் மருந்தாளரைக் கேளுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அது உகந்ததாக இருக்காது.

ஸ்லிங்கைக் கழற்றிய பின்

திடீரென்று ஒரே நாளில் விட வேண்டியதில்லை. முதலில் வீட்டுக்குள் கழற்றி இருங்கள். கூட்டமான ரியூப் ரயிலிலும் பஸ்ஸிலும் போகும்போது மட்டும் அணியலாம். யாரும் இடிக்காமல் விலகிப் போக அது ஓர் அடையாளமாகவும் இருக்கும்.

ஆரம்பப் பயிற்சிகள் எளியவை. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது ஒன்று. மேசையில் ஒரு துணியை வைத்து அதன்மேல் கையை முன்னே தள்ளி இழுப்பது இன்னொன்று. தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிகள் பின்னர் வரும்.

"பிசியோவுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டுமே" என்று கவலைப்படுபவர்களுக்கு ஓர் ஆறுதலான செய்தி. சத்திரசிகிச்சை இன்றிச் சிகிச்சை பெற்ற 482 பேரை 41 என்எச்எஸ் வைத்தியசாலைகளில் சேர்த்துச் செய்த ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. எல்லோருக்கும் இயன்மருத்துவர் ஒருமுறை நேரில் விளக்கி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு மட்டும் தொடர்ந்து பல தடவை சிகிச்சை அளித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஒரு தடவை விளக்கம் எல்லோருக்கும் கிடைத்தது, குணமாகாவிட்டால் திரும்பி வரும் வசதியும் இருந்தது. ஆகவே அந்த ஒரு சந்திப்பைத் தவறவிடாதீர்கள். கொடுத்த பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். பல பகுதிகளில் ஜிபி இல்லாமலே நேரடியாக இயன்மருத்துவத்துக்குப் பதிவுசெய்ய முடியும். உங்கள் ஜிபி வரவேற்பில் கேட்டுப் பாருங்கள்.

எமது வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்தில் தரும் துண்டுப்பிரசுரங்களில் "கையை உயர்த்திப் பின்னால் திருப்ப வேண்டாம்" என்று மட்டும் இருக்கும். எமது நாளாந்த வாழ்வில் அது எங்கெல்லாம் வருகிறது என்று நாமே யோசிக்க வேண்டும்.

கோயிலில் சிதறு தேங்காய் அடிப்பது அப்படியே பந்தெறியும் அசைவுதான். தலைக்கு மேல் கைகூப்புவது, தேர் வடம் இழுப்பது, காவடி எடுப்பது எல்லாம் தோளைச் சோதிப்பவை. நெஞ்சுக்கு நேரே கும்பிட்டாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள். வடத்தை அடுத்த வருடம் பிடிக்கலாம்.

பரதநாட்டியத்தில் இரு கைகளையும் தோள் உயரத்தில் நீட்டி நிற்கும் நிலை நெடுநேரம் வரும். மண்டபம் பதிவுசெய்து, அழைப்பிதழும் அடித்த பிறகு அரங்கேற்றத்தைத் தள்ளிப்போடுவது பெற்றோருக்கு எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும். ஆனாலும் நடன ஆசிரியரிடமும் இயன்மருத்துவரிடமும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். மேடையில் மீண்டும் தோள் விலகுவதைவிடத் திகதி மாறுவது சிறிய இழப்பு.

வீட்டில், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் பெரிய சட்டிகளைக் கீழே எடுத்து வையுங்கள். காரின் முன்னிருக்கையில் இருந்தபடி பின்னிருக்கைப் பையை எட்டி இழுக்க வேண்டாம். குழந்தையைத் தூக்காமல், இருந்தபடி மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டுவது: ஸ்லிங் அணிந்தபடி ஓட்டவே கூடாது. கழற்றிய பின்பும், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்து, அவசரத்தில் நோவின்றித் திருப்ப முடிந்தால் மட்டுமே ஓட்டலாம். சந்தேகம் இருந்தால் வைத்தியரையும் காப்புறுதி நிறுவனத்தையும் கேளுங்கள்.

வேலை: மேசை வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். கடைகளிலும் களஞ்சியங்களிலும் பெட்டி தூக்குபவர்களுக்குக் கூடுதலான ஓய்வு தேவை. முதல் ஏழு நாட்களுக்கு நீங்களே நோய் என்று அறிவித்தால் போதும். அதற்கு மேல் 'ஃபிட் நோட்' வேண்டும். 2022 ஜூலை முதல் ஜிபி மட்டுமன்றி இயன்மருத்துவர், தாதியர், மருந்தாளர் போன்றோரும் அதை வழங்கலாம். அதில் "பாரம் தூக்காத வேலை" என்று எழுதித்தரவும் கேட்கலாம். "முதலாளி எங்கட ஆள்தானே, எப்படிச் சொல்வது" என்று தயங்கிப் பெட்டி தூக்கி, தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கடை நடத்தும் எமது அன்பர்களும் இதைப் புரிந்துகொள்ள வேண்டுகிறோம்.

உடனே உதவி தேட வேண்டியது எப்போது?

• கை அல்லது விரல்கள் குளிர்ந்து, வெளிறி, நீலமாக மாறினால்

• கையில் மரப்பு வந்தால் அல்லது கூடினால், விரல்களை அசைக்க முடியாவிட்டால்

• மூட்டு மீண்டும் விலகியதாகத் தோன்றினால்

• மருந்து எடுத்தும் நோ நாளுக்கு நாள் கூடினால்

முதல் மூன்றுக்கும் நேரே ஏ அன்ட் ஈக்குச் செல்லுங்கள். மற்றதற்கு ஜிபியிடம் அல்லது 111 இலக்கத்தில் கேட்கலாம்.

நிறைவாக

ஸ்லிங் சில நாள் துணை. அதைக் கழற்றியதும் விளையாட ஓடும் மகனை மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதைக் கழற்றப் பயப்படும் அம்மாவை, வைத்தியர் சொன்ன நாளில் கழற்றிக் கையை அசைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். இப்பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தால், விபத்து நடந்த நேரத்தில் தேட வேண்டியிருக்காது.

இக்கட்டுரை பொதுவான அறிவுக்காக எழுதப்பட்டது. உங்களுக்கான சிகிச்சையை உங்களைப் பரிசோதித்த வைத்தியரின் ஆலோசனைப்படியே செய்துகொள்ளுங்கள். அனைவரும் நலமோடு வாழ வாழ்த்துகிறோம்.